அரைவரிக்காரர்கள்

கல்லூரியில் நான் புவியியல் கற்பித்தேன். மக்கள்தொகையும் இடப்பெயர்ச்சியும் என்னும் தாளை வேறு எவரும் விரும்பி எடுப்பதில்லை; ஆகவே ஓய்வுபெறும் வரை அது என்னிடமே இருந்தது. ஒரு நாட்டு மக்களை வயதுவாரியாக அடுக்கினால் கோபுரம் போன்ற வடிவம் கிடைக்கும். அடியில் குழந்தைகள் அகன்று நிற்பார்கள், உச்சியில் முதியவர்கள் ஒடுங்கி நிற்பார்கள். கரும்பலகையில் அதைக் கோடு கோணாமல் வரைவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஓய்வுபெற்று ஊருக்கு வந்து மாலைநேரங்களில் தெருவில் நடக்கத் தொடங்கியபோது, அந்தக் கோபுரத்தை யாரோ கவிழ்த்து வைத்திருக்கக் கண்டேன். மேலே நாங்கள் கைத்தடிகளோடும் மாத்திரைப் பொட்டலங்களோடும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். கீழே, கூர்முனையில், பள்ளி வேனிலிருந்து இறங்கும் சில பிள்ளைகள்.

பழையாற்றிலிருந்து பிரியும் கால்வாய் ஒன்றை ஒட்டியது எங்கள் ஊர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளையும். வயலில் இறங்குபவர்கள் வேறு, வயலை உடையவர்கள் வேறு என்னும் நிலை என் தலைமுறையிலேயே வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளின் காலத்தில் உடையவர்களும் ஊரில் இல்லை. ஷார்ஜா, மஸ்கட், பெங்களூரு, டல்லாஸ் என்று போனார்கள். போனவர்களில் ஒருவரும் வீட்டை விற்கவில்லை. பழையதை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள், தரையில் கிரானைட் பதித்தார்கள், வாசலில் கேமரா மாட்டினார்கள், பூட்டினார்கள். மனிதர் குறையக் குறைய வீடுகள் உயர்ந்துகொண்டே போன ஒரு தெருவைப் பற்றி எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

போனவர்களையும் ஊரையும் கட்டிவைத்திருந்தது வரி. கும்பப்பூ அறுவடை முடிந்ததும் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வரும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் வரி வாங்குவார்கள். துணையோடு வாழ்பவனுக்கு முழு வரி, துணையில்லாதவருக்கு அரை வரி என்பது ஊர்ச்சட்டம். மணமாகாத ஆண்களும் கணவனை இழந்த பெண்களும் அரை. என்னைப் போல் மனைவியை இழந்த ஆண்கள் மட்டும் எக்காரணத்தாலோ முழு வரியே கொடுத்துவந்தோம். அதை எவரும் கேட்டதில்லை. தொகை எவரையும் ஏழையாக்காதது. ஆனால் ஊர் கைநீட்டி அதை வாங்கிக்கொண்டால்தான் ஒருவன் ஊர்க்காரன். மண்டபத்தில் பந்தி போடுவதும், ஊர்ப் பாத்திரம் எடுப்பதும், சுடுகாட்டில் விறகு அடுக்குவதும் அந்த உரிமையைப் பொறுத்தவை. கொடை முடிந்த காலையில் முழு வரிக்கு ஒரு முழுத் தேங்காயும் ஒரு சீப்புப் பழமும் கொடுப்பார்கள். அரை வரிக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி.

டல்லாஸிலிருப்பவன் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினாலும் முழு வரிக்காரன்தான். அவனுடைய தேங்காய் அவன் பெற்றோர் வீட்டுக்குப் போகும். அவர்களும் இல்லையென்றால் பூட்டிய கதவின் முன்னே வைக்கப்படும், எலி தின்னும்.

இனி, போகாமல் ஊரில் தங்கிய ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒன்றுவிட்ட தம்பியின் இளைய மகன். என்னைப் பெரியப்பா என்பான். அவனுடைய அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். இவனுக்கும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்த வேளையில் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார். இவன் தங்கினான். தகப்பனார் விழுந்த வேகத்தில் சாகவில்லை. பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவர் போனபோது இவனுக்கு முன்நெற்றியில் முடியும் போயிருந்தது. சொந்த வயலும் அண்ணன் வயலும் சேர்த்து இவனே பயிரிட்டான்.

பெண் கிடைக்கவில்லை. அஞ்சுகிராமத்துக்கு அருகே ஒரு வீட்டில் கேட்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். பெண்ணின் தாய் காப்பி கொடுத்துவிட்டு, வயல் எவ்வளவு என்று கேட்டார். சொன்னோம். திருப்தியோடு தலையசைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

“பையன் எங்க இருக்கான்?”

“வயல்லதான்” என்றார் எங்களோடு வந்த தரகர்.

அந்த அம்மாள் காப்பித் தம்ளர்களைத் திரும்ப எடுத்த விதத்தை நான் மறக்கவில்லை. என் தம்ளரில் பாதிக் காப்பி மீதமிருந்தது. ஊரிலேயே இருக்கிறானா என்று பெண் வீட்டார் கேட்பது, வலிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்கும் தொனியில்தான். பிறகு அவனே தேடுவதை நிறுத்திவிட்டான்.

நாற்பதைக் கடந்தும் அரை வரி கொடுத்ததால் ஊர் அவனுக்கு அரைவரி என்று பெயர் வைத்தது. பெற்றவர்கள் இட்ட பெயர் ஆதார் அட்டையில் மட்டும் எஞ்சியது. கொடைக்கு நேரில் வந்து மூடி வாங்கும் அரைவரிக்காரர்கள் இரண்டே பேர். மற்றொருவர் கோயிலுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்த மூதாட்டி. தெருவுக்கெல்லாம் ஆச்சி, எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. மகன்கள் வெளிநாட்டில். பூசாரி ஒரு தேங்காயை உடைத்து ஒரு மூடியை இவனுக்கும் மறு மூடியை அவருக்கும் கொடுப்பார். ஒரே தேங்காயின் இரு மூடிகள் ஆதலால் ஆண்டுதோறும் இருவருக்கும் திருமணம் நடப்பதாகத் தெரு சிரித்தது. விடுமுறைக்கு வந்திருக்கும் பொறியாளர்கள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். ஆச்சியும் விட்டுக்கொடுப்பவர் இல்லை. “ஏ மாப்பிளே, கண்ணுள்ள மூடிய எனக்குத் தா. ஒனக்குத்தான் கண்ணிருந்தும் பொண்ணு தெரியல்லியே” என்பார். அவனும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுப்பான்.

பூட்டிய வீடுகளின் சாவிகள் எல்லாம் அவனிடம் இருந்தன. பெரிய இரும்பு வளையம் ஒன்றில் கோத்து, வேட்டியின் மடிப்பில் செருகியிருப்பான். அவன் நடந்து வருவது தெருமுனையிலேயே கேட்கும். வீடு வீடாகத் திறந்து தூசி தட்டுவான், மோட்டார் போடுவான், குழாய்களைத் திறந்துவிடுவான். வெளிநாட்டிலிருந்து கேமராவில் பார்த்துவிட்டு அழைப்பார்கள். மாடிப்படியில் பூனை நிற்கிறது, விரட்டு. முருங்கைக் கிளை மதிலைத் தொடுகிறது, வெட்டு. அவன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று கேமராவின் ஒலிபெருக்கியில் ஷார்ஜாவிலிருந்து குரல் வரும். ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் தோள் கொடுப்பவனும் அவனே. இவற்றுக்கெல்லாம் கூலி இல்லை. ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் கூலி கொடுப்பது முறையன்று என்று கருதப்பட்டது. விடுமுறைக்கு வரும்போது உடுத்திய சட்டைகளையும் பாதி தீர்ந்த செண்ட் குப்பிகளையும் தந்துவிட்டுப் போவார்கள்.

உள்ளூரில் நாற்று நட ஆளில்லாமற் போனபின் ஒடிசாவிலிருந்து குழுக்கள் வரத் தொடங்கின. ஒரு கும்பப்பூ நடவுக்கு இவன் வயலில் இறங்கிய குழுவில் ஒரு பெண் இருந்தாள். அண்ணனோடும் அண்ணியோடும் வந்தவள். ஆணின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் அணிந்து, தலையில் துண்டு கட்டியிருந்தாள். அடுத்த நடவுக்கும் அந்தக் குழுவே வந்தது. அதற்கடுத்த நடவுக்கு முன்னரே குமாரகோவிலில் தாலி கட்டிவிட்டான். அவளுடைய அண்ணன் உடனிருந்தான். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் இல்லை, ஏனென்றால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கட்டிய மாலையோடு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். நான் வாழ்த்தவில்லை. குடும்பத்தாரைக் கேளாமல் செய்யும் திருமணங்களை நான் என்றும் ஏற்றவனல்லன். என் சொந்த மகன் விஷயத்திலும் ஏற்கவில்லை. ஆனால் வந்தவளை நிற்கவைப்பது முறையன்று. நாற்காலியைக் காட்டினேன். அவள் விளிம்பில் உட்கார்ந்து, “வணக்கம் பெரியப்பா” என்றாள். வரும் வழியில் அவன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ழகரத்தை மட்டும் இன்னும் கற்றிருக்கவில்லை என்பது அடுத்துப் பேசிய சொற்களில் தெரிந்தது. சில மாதங்களில் அதையும் கற்றுக்கொண்டாள்.

தெரு அவளை இந்திக்காரி என்றது. அவள் பேசுவது இந்தியன்று என்று இருமுறை திருத்திவிட்டு விட்டுவிட்டேன். தொலைக்காட்சித் தொடர்களில் பொறுக்கிய இந்தியில் பெண்கள் அவளிடம் கேள்வி கேட்பார்கள். அவள் தமிழில் பதில் சொல்வாள். மறுபடியும் இந்தியிலேயே கேட்பார்கள். ஒரு வீட்டில் அவளைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லிப் பாத்திரம் தேய்க்கக் கேட்டார்கள். அவள் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்ததை அவன் அறிந்து, அந்த வீட்டுக்குப் போய், தேய்த்த பாத்திரங்களில் முற்றத்துச் சாம்பலை அள்ளிப் போட்டுவிட்டு வந்தான். அவனுக்குக் கோபம் வரும் என்பதையே அன்றுதான் ஊர் அறிந்தது. ஆச்சி மட்டும் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று தெருவில் நின்று அறிவித்துவிட்டு, அவளை அழைத்து உள்ளித்தீயல் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. வரி நாளுக்கு ஒரு வாரம் முன்பு என்னிடம் வந்து சொன்னான்: இந்த ஆண்டு முழு வரி கொடுக்கப் போகிறேன், முழுத் தேங்காயை அவள் கையில் வாங்கிக் கொடுக்க வேண்டும். வேறு எதையும் கேட்க வரவில்லை. சட்டப்படி அது சரி என்றேன். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

வரி நாள் கூட்டங்கள் முன்போல் இல்லை. ஷார்ஜாவிலிருக்கும் ஒருவர் மண்டபத்துக்குச் சுவரளவு தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்திருந்தார். வெளியிலிருப்பவர்கள் அதில் சிறு சிறு சதுரங்களாக வந்து உட்கார்வார்கள். நாற்காலிகளில் இருந்த எங்களைவிடச் சதுரங்களில் இருந்தவர்கள் அதிகம். ஒரு சதுரத்தில் மின்விசிறி மட்டும் சுழன்றது. ஒன்றில் ஒருவர் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். என் மகனின் சதுரமும் இருந்தது. அவனுக்கு அது இரவு. ஊர்த் தலைவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட இளையவர். என்னைச் சார்வாள் என்றுதான் அழைப்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அரைவரியின் முறை வந்தது. வெள்ளைவேட்டி உடுத்தி, முழு வரிப் பணத்தை ஒரு வெற்றிலையின் மேல் வைத்து நீட்டினான். அவள் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்தில், ஆச்சியின் அருகில் நின்றாள். தலைவர் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளினார்.

அவன் எடுக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்றான்.

தலைவர் சிறிது யோசித்தார். பிறகு, தாம் எடுத்த பாதியையும் வெற்றிலையின் மேலேயே திரும்ப வைத்தார். கல்யாணம் ஆகிவிட்டதென்றால் அரை வரி வாங்குவதற்கில்லை, அது துணையில்லாதவருக்கு உரியது என்றார். முழு வரியோ ஊர் அறிந்து, ஊர் கூடி நடந்த திருமணத்துக்கு உரியது. அப்படி ஒன்று நடந்ததாக ஊருக்குத் தெரியாது. ஆகவே அதுவும் இல்லை. அவர் இதைச் சினமில்லாமல், ஒரு கூட்டல் கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அரையும் போச்சு என்று சதுரமொன்றிலிருந்து யாரோ சொன்னார்கள்.

மஸ்கட்டிலிருந்த அண்ணன் திரையில் கையைத் தூக்கினான். தம்பிக்காகப் பேசப்போகிறான் என்றே நான் நினைத்தேன். அவனுடைய மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நாளை அவளைப் பெண் கேட்டு வருபவர்கள் சித்தி எந்த ஊர் என்று கேட்பார்கள். எனவே தங்கள் குடும்பக் கணக்கில் தம்பியைச் சேர்க்க வேண்டாம் என்று ஊரைக் கேட்டுக்கொண்டான். தம்பி அவன் வயலில் விளைவித்து அனுப்பிய அரிசியைத் தின்றுகொண்டிருந்தவன்தான் இந்த அண்ணன். ஊர் கேட்டுக்கொள்ளாமலே செய்யவிருந்ததை அவன் கேட்டு வாங்கினான்.

அப்போது நான் எழுந்தேன். இரக்கத்தால் எழுந்தேன் என்று எவரும் எண்ண வேண்டாம். எழுதாத சட்டமானாலும் சட்டத்துக்கு ஒரு சொல் கூட்டுவதை என்னால் பொறுக்க இயலாது. துணையோடு இருப்பவனுக்கு முழு வரி என்பதுதான் முறை, துணை எந்த ஊர் என்று அது கேட்பதில்லை என்றேன்.

“சார்வாள் சட்டம் பேசுகேரு” என்றார் தலைவர். “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பொண்ணு எந்த ஊரு, எந்த வகைன்னு சார்வாளே சொல்லும். எழுதிக்கிடுகோம்.”

நான் பதில் சொல்லுமுன் அவன் என் பக்கம் திரும்பினான். நன்றியை எதிர்பார்க்காதவனாயினும், அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை.

“பெரியப்பா எனக்காவப் பேசாண்டாம்” என்றான். “கேக்க வேண்டியத நானே கேக்கேன். பெரியப்பாக்க மருமவ எந்த ஊரு? எந்த வகை?”

என் மகன் டல்லாஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தவன். எனக்குச் சொல்லாமல் அங்கே பதிவு செய்துவிட்டு, பிறகு நாகர்கோவிலில் விருந்து வைத்தான். நான் அந்த விருந்துக்குக் கடைசி நேரத்தில்தான் போனேன். ஊர் அதற்கு முன்பே போயிருந்தது. பட்டுச்சேலை உடுத்தி நின்ற அவளோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. தலைவர் இருமுறை எடுத்துக்கொண்டார், முதற்படத்தில் கண் மூடிவிட்டதென்று. அடுத்த கொடைக்கே மகனுடைய முழு வரியை ஒரு சொல் கேளாமல் வாங்கினார்கள். அதற்குப் பின் கோயில் முன்மண்டபத்துக்கு அவன் செப்புத் தகடு போட்டுக் கொடுத்தான். இந்த விவரம் எதையும் ஊரில் எவரும் என் முன்னால் வாய்விட்டுப் பேசியதில்லை. என் முன்னால் பேசாதிருப்பதே எனக்கு ஊர் செய்துவந்த மரியாதை.

“அது வேறல்லா” என்றார் தலைவர். “அது அமெரிக்கா.”

இம்முறை சிரிப்பு வாசல்வரை போயிற்று. நானும் உட்கார்ந்திருக்கலாம். பலரும் என்னிடம் பின்னர் அதைத்தான் சொன்னார்கள். ஊர் எனக்காக ஒரு வழியைத் திறந்து கொடுத்திருந்தது. அதன் வழியாக என் பெயரும் என் மகன் பெயரும் அழுக்குப்படாமல் வெளியேறியிருக்கும். ஒரு விதிக்கு உள்ளே அமெரிக்காவுக்கு ஒரு வாசலும் ஒடிசாவுக்கு ஒரு சுவரும் இருக்க முடியாது. வகுப்பில் ஒரு மாணவன் அப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே அடித்திருப்பேன்.

“வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். “இவனுக்கு இல்லேண்ணா எம் மகனுக்கும் இல்ல. அவன் பேரையும் அடியும்.”

சதுரத்தில் என் மகன் முகத்தை முன்னால் கொண்டுவந்தான். அப்பா, எதுக்கு இது என்று கேட்டான். நான் திரையைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் மருமகள் மடித்த துணிகளை ஏந்திக்கொண்டு அறையைக் கடந்தாள். திரையில் என்னைக் கண்டதும் நின்று, சிரித்து, கையை ஆட்டினாள். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது. மகனின் சதுரம் கறுத்தது.

சார்வாள் கோபத்தில் சொல்கிறார், செப்புத் தகடு போட்டவரை எப்படி அடிப்பது என்று முடிவாயிற்று. என் மகனுடைய பெயர் நின்றது. அரைவரியின் பெயர் போயிற்று.

அவன் பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து சாவிகள் கோத்த அந்த இரும்பு வளையத்தை உருவித் தலைவர் முன்னே மேசைமேல் வைத்தான்.

“ஊருக்காரன் இல்லாதவன் கையில ஊரு வீட்டுத் தாக்கோலு எதுக்கு?”

சதுரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. ஒருவருக்கு மீன்தொட்டியின் கவலை. ஒருவர் மாடிக் குழாய் ஒழுகுகிறதே என்றார். சப்பாத்தி தின்றவர், மக்கா, எங்க வீட்டுத் தாக்கோலை மட்டும் நீயே வச்சுக்கோ என்று குழைந்தார். அவனுடைய அண்ணன்கூட, வீடு வேறு வரி வேறு என்றான். வரி கட்டாதவனை நம்பி வீட்டைத் திறந்துபோடாதீர்கள் என்று எல்லாச் சதுரங்களுக்குமாகச் சொல்லிவிட்டு அவன் வெளியேறினான். அவள் அவனுடைய செருப்பைத் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

கொடைக்கு முன்பே வீட்டைக் காலி செய்து அஞ்சுகிராமத்தில் ஒரு கடையின் மாடியில் குடியேறினான். ஊரைவிட்டுக் கண்டம் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் ஊரில் இருந்தார்கள். பேருந்தில் ஒரு சீட்டுத் தூரம் போனவன் மட்டும் போய்விட்டான். அண்ணனுடைய வயலைப் பயிரிடுவதை விட்டுவிட்டான். தன் வயலுக்கு மோட்டார் சைக்கிளில் வருவான். தெரு வழியாக வந்தால் அருகு, ஆயினும் கால்வாய்க் கரையைச் சுற்றியே வந்தான்.

சாவிகளை வைத்துக்கொள்ள ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. முட்டுவலிக்காரர்கள் எத்தனை மாடி ஏறுவது? கடைசியில் நாகர்கோவிலில் ஓர் ஏஜென்சி வழியாக ஒரு காவல்காரனை அமர்த்தி, வளையத்தை அவனிடம் கொடுத்தார்கள். சம்பளம், சீருடை, தங்க இடம் எல்லாம் உண்டு. அவன் ஒடிசாக்காரன். தெருப் பெண்கள் அவனிடமும் தொடர் இந்தியில்தான் பேசுகிறார்கள்.

கன்னிப்பூ நடவு முடிந்த நாட்களில் தலைவரின் தாயார் இறந்தார். நல்ல வயது; ஆனால் பருத்த உடம்பு. தோள் கொடுக்க ஆள் சேரவில்லை. சுமப்பதற்கு வாடகை வண்டி வந்தது. சுடுகாட்டுக்கு அருகே வரப்புதான், அதில் வண்டி போகாது. அங்கிருந்து தூக்க வேண்டும். அரைவரியின் வயல் அந்த வரப்பை ஒட்டியே இருந்தது. மண்வெட்டியோடு நின்றான். ஊர்வலம் நின்றது. தலைவர் தாமே வரப்பில் இறங்கிப் போனார். கொள்ளி வைக்கும் மகன், ஈரவேட்டி, கையில் நெருப்புச்சட்டி. நாங்கள் கேட்கும் தூரத்தில்தான் இருந்தோம்.

“மக்கா, ஒரு தோளு தா.”

“ஊருப் பொணம் ஊருக்காரன்தான் தூக்கணும்” என்றான் அவன். “நான் அரைவரி கூட இல்லியே மாமா.”

சொல்லிவிட்டு நீரைத் திறப்பதற்காகக் குனிந்தான். சட்டியிலிருந்து புகை தலைவர் முகத்திலேயே அடித்தது. அந்த ஏஜென்சிக் காவல்காரனையும் வண்டி ஓட்டுநரையும் பணம் பேசி அழைத்துக்கொண்டு, ஒருவாறு தூக்கிச் சேர்த்தோம். வழியில் இருமுறை கீழே இறக்கினார்கள். இறக்கக் கூடாது என்பது முறை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊர் கொடுத்த சட்டத்தை ஒரு சொல் கூட்டாமல் அவன் நிறைவேற்றினான்.

மகன் அதன்பின் என்னை அழைப்பதில்லை என்று எழுதினால் பொய்யாகும். ஞாயிறுதோறும் அழைக்கிறான். இரத்த அழுத்தம் கேட்கிறான், மாத்திரை கேட்கிறான், மழை கேட்கிறான். மருமகள் திரையில் வருவதில்லை. அன்று நடந்ததை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பான் போலும். சொல்லியிருக்க வேண்டியதுதான்.

அடுத்த கொடைக்கு வரி நாள் வந்தது. என் முறை வந்தபோது வழக்கம்போல் முழு வரியை நீட்டினேன். தலைவர் பாதியைத் திருப்பித் தந்தார். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, சார்வாள் போன ஆண்டு சட்டம் பேசியதை ஊர் மறக்கவில்லை, துணையில்லாதவருக்கு அரை வரி என்பதில் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை அல்லவா என்றார். மனைவியை இழந்த மற்ற ஆண்கள் இருவர் மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களுடைய முழு வரியைச் சற்று முன்னர்தான் வாங்கியிருந்தார். அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சதுரங்களில் ஒருவர் ஒலியை அணைக்க மறந்து சிரித்தது மண்டபம் முழுதும் கேட்டது.

“சட்டம் சரி” என்றேன். “வாங்கும்.”

மீதிப் பணத்தை நான் எடுத்துக்கொண்டதும் தலைவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. நான் வாதிடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

கொடை முடிந்த காலையில் குளித்து, சலவை வேட்டி உடுத்தி, கோயில் முற்றத்தில் போய் நின்றேன். என் பெயரை அழைத்து முதலில் ஒரு முழுத் தேங்காயை நீட்டினார்கள், மகனுடையது. அதைத் தட்டிலேயே வைத்துவிடச் சொன்னேன். பூசாரி இன்னொரு தேங்காயை உடைத்தார். ஒரு மூடியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு மறு மூடியோடு என்னைப் பார்த்தார், நீட்டத் தயங்கினார். அவர் என்னிடம் படித்த மாணவரின் தகப்பனார். நான் கையை நீட்டினேன்.

விடுமுறைக்கு வந்திருந்த ஒருவன் கைப்பேசியை உயர்த்தியவன், என் முகத்தைக் கண்டு இறக்கிக்கொண்டான். என் மைனியான ஆச்சிக்கு மட்டும் எந்த முகமும் ஒரு பொருட்டில்லை. தம் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணில்லாதது. என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“வாரும் புதுமாப்பிளே” என்றார். “பழையவன் எப்பவும் கண்ணுள்ள மூடிய எனக்குத்தான் தருவான். நீரு எப்படி?”

மாற்றிக் கொடுத்தேன்.